பட்டா கேட்காத சொத்து

மாட்டுச் சந்தையில் விலை பேசுவதை நின்று பார்த்திருக்கிறீர்களா? பொள்ளாச்சிச் சந்தையில் பார்க்கலாம். வாங்க வந்தவர் பல்லைப் பிரித்துப் பார்ப்பார், சுழி பார்ப்பார், மடியைத் தொட்டுப் பார்ப்பார், நாலடி நடக்கவிட்டு நடையையும் பார்ப்பார். அதற்குப் பிறகு தரகர் தோளில் கிடக்கும் துண்டை எடுத்துக் கைமேல் போடுவார். துண்டுக்கு அடியில் விரலும் விரலும் பேசிக்கொள்ளும். எந்த விரலைப் பிடித்தால் எத்தனை ஆயிரம் என்பது அவர்களுக்குள் ஒரு கணக்கு. பக்கத்தில் நிற்பவருக்குத் தலையாட்டல் மட்டும்தான் தெரியும், தொகை தெரியாது.

அந்தத் துண்டுக்கு அடியில் ஒரு பெண்ணின் கையை நான் பார்த்ததே இல்லை.

மாட்டை வளர்த்தது யார்? கன்று ஈன்ற ராத்திரியில் டார்ச் லைட்டைப் பிடித்துக்கொண்டு தொழுவத்தில் குந்தியிருந்தது யார்? நஞ்சுக்கொடி விழுந்ததா என்று விடியும்வரை கண் கொட்டாமல் பார்த்தது யார்? கோமாரி வந்து வாயெல்லாம் புண்ணாகித் தீனி எடுக்காமல் கிடந்தபோது கூழ் கரைத்து ஊற்றியது யார்? இத்தனையும் செய்தவர் வீட்டில் இருக்கிறார். விலை மட்டும் துண்டுக்குள்ளேயே முடிந்துபோய், அவர் கைக்கு ‘இவ்வளவுதான் போச்சு’ என்ற ஒரு வார்த்தையாக வந்து சேர்கிறது.

அக்கா, இதை உங்களுக்குத்தான் எழுதுகிறேன். இரண்டு ஆடும் ஒரு கறவையும் நாலு நாட்டுக்கோழியும் வைத்திருக்கிற உங்களுக்கு. யாராவது ‘என்ன வேலை பாக்குறீங்க’ என்று கேட்டால் ‘வீட்ல சும்மாதான் இருக்கேன்’ என்று பதில் சொல்கிற உங்களுக்கு. காலை நாலரை மணிக்கு எழுந்து சாணி அள்ளி, தண்ணி காட்டி, பால் கறந்து, சொசைட்டிக்கு ஓடி, புல் அறுத்துக் கட்டாகக் கட்டித் தலையில் சுமந்து, சாயங்காலம் மறுபடியும் கறந்து, ராத்திரி கொசுவுக்கு மூட்டம் போட்டுவிட்டுப் படுக்கிறவர் சும்மா இருக்கிறாராம்! இந்தப் பொய்யை முதலில் உங்கள் வாயிலிருந்து எடுத்துப் போடுங்கள். அடுத்தவர் உங்களைச் சின்னவராக்குவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், முதலில் நீங்களே உங்களைச் சின்னவராக்குவதை நிறுத்துங்கள்.

நம் ஊர்களில் மரியாதை நிலத்தைப் பார்த்துத்தான் வந்தது. எத்தனை ஏக்கர், எத்தனை பேர் வரப்பில் நிற்கிறார்கள் என்பதைப் பார்த்துத்தான் நாற்காலி போட்டார்கள். நிலமில்லாதவருக்குத் திண்ணைகூட இல்லை. நிலமிருந்த வீட்டிலும் பட்டா அப்பன் பெயரில், பிறகு மகன் பெயரில். மருமகள் அந்த மண்ணில் நாற்பது வருடம் நாற்று நட்டாலும் அவள் பெயருக்கு ஒரு சென்ட் கிடையாது. இந்தப் பூட்டை உடைக்க வந்தது எது தெரியுமா? உங்கள் வீட்டு வேலியில் கட்டிக்கிடக்கிற வெள்ளாடு. அது பட்டா கேட்காது, சிட்டா கேட்காது. நீ எந்தத் தெரு என்று கேட்காது. தாய் வீட்டில் கொடுத்த ஒரு பெட்டைக்குட்டி போதும். ஐந்து மாதச் சினை. நல்ல பராமரிப்பு இருந்தால் இரண்டு ஆண்டில் மூன்று ஈற்று. பல நேரம் இரட்டைக்குட்டி. கந்து வட்டிக்காரனின் கடன் வளர்கிற வேகத்துக்கு ஈடு கொடுத்து வளர்கிற சொத்து ஏழை வீட்டில் வேறு எது?

2019ஆம் ஆண்டின் கால்நடைக் கணக்கெடுப்பைப் பாருங்கள். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 99 லட்சம் வெள்ளாடு, 45 லட்சம் செம்மறி, 95 லட்சம் மாடு. கோழி 12 கோடிக்கும் மேல், இந்தியாவிலேயே முதலிடம். (அந்தக் கோழிக் கணக்கில் பெரும்பகுதி நாமக்கல் பக்கத்துப் பெரிய பண்ணைகளுடையது. அதைப் பார்த்து நாம் மார்தட்ட வேண்டாம்.) ஆனால் அந்த வெள்ளாட்டுக் கணக்கு உங்களுடையது. கீற்றுக் கொட்டகையிலும் புளியமரத்தடியிலும் ரெண்டும் மூணுமாகக் கட்டி வளர்த்த கணக்கு அது.

2011ஆம் ஆண்டு செப்டம்பரில் தமிழக அரசு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு ஆளுக்கு நான்கு ஆடு, ஐந்து ஆண்டில் ஏழு லட்சம் குடும்பம். பால் சங்கம் இல்லாத ஊர்களில் 60,000 கறவை மாடு. அன்றைக்கு டீக்கடை பெஞ்சில் எப்படிச் சிரித்தார்கள் என்று நினைவிருக்கிறதா? ‘இலவச ஆடு’, ‘ஓசி ஆடு’ என்றார்கள். அந்தத் திட்டத்தில் குறையே இல்லை என்று நான் வாதாட வரவில்லை. வெளியூரிலிருந்து வாங்கி வந்த ஆடு தண்ணி ஒத்துக்காமல் செத்ததும் உண்டு, வந்த வேகத்தில் வியாபாரி கைக்குப் போனதும் உண்டு. ஆனால் நாலை எட்டாக்கி, எட்டை விற்றுக் காலேஜ் பீஸ் கட்டிய பெண்ணைப் பார்த்து ‘ஓசி’ என்று சொல்ல எந்த பெஞ்சுக்கும் யோக்கியதை கிடையாது. கொடுத்தது அரசாங்கம்தான். பிழைக்கவைத்தது யார்?

இன்னொரு சொல் இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் கணக்கு வராத பையனைப் பார்த்து வாத்தியார் எறிகிற சொல்: ‘நீ மாடு மேய்க்கத்தான்டா லாயக்கு.’ எத்தனை தலைமுறையாக இந்தக் கல் எறியப்படுகிறது! எறிகிறவர்களுக்கு மாடு மேய்ப்பதில் என்ன இருக்கிறது என்று தெரியுமா? ராத்திரி ஒரு மாதிரி அடித்தொண்டையில் கத்தினால், வாலைத் தூக்கிக்கொண்டு நின்றால், பின்னால் கண்ணாடிபோலக் கோழை வழிந்தால் மாடு பருவத்துக்கு வந்துவிட்டது என்று நீங்கள் அறிவீர்கள். காலையில் பார்த்தால் சாயங்காலம் ஊசி, சாயங்காலம் பார்த்தால் மறுநாள் காலையில் ஊசி. தவறவிட்டால் இன்னும் 21 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 21 நாள் தீனி முழுக்க நஷ்டம். இதைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருக்கிறீர்களே, அதற்கு என்ன பெயர்? வேறொருவர் செய்தால் மேலாண்மை என்பார்கள், பட்டம் கொடுப்பார்கள். நீங்கள் செய்தால் மாடு மேய்ப்பு!

நாட்டிலேயே முதல் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் 1989இல் இந்தத் தமிழ்நாட்டில்தான் வந்தது. அதன் உழவர் பயிற்சி மையங்கள் பல மாவட்டங்களில் இருக்கின்றன. உள்ளே போங்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டுக் கூச்சத்தையும் அங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். மடிநோய்க்குச் சோற்றுக்கற்றாழையும் மஞ்சளும் சுண்ணாம்பும் அரைத்துப் பூசுகிற வைத்தியத்தைத் தஞ்சாவூர்ப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி ஆராய்ந்து எடுத்துச் சொன்னார். தேசிய பால்வள வாரியமே அதை நாடு முழுக்கப் பரப்பியது. அதில் போடுகிற மூன்றும் எந்தக் கம்பெனிச் சரக்கும் இல்லை, உங்கள் கொல்லையிலும் அஞ்சறைப் பெட்டியிலும் வெற்றிலைப் பெட்டியிலும் இருப்பவை. உங்கள் பாட்டி கையில் இருந்த அறிவுக்கு ஆராய்ச்சிக்கூடம் முத்திரை குத்தியிருக்கிறது. தலை நிமிர்ந்து நடக்க இது போதாதா?

இப்போது பால் சொசைட்டிக்கு வருவோம். காலை ஆறு மணி. வரிசையில் நிற்பவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தூக்குவாளி, எவர்சில்வர் குடம், மூடி தொலைந்துபோய் வாழை இலை செருகிய கேன். டெஸ்ட்டர் ஒரு கரண்டி பாலை எடுத்துக் கருவியில் விடுகிறார். கொழுப்பு இவ்வளவு, எஸ்.என்.எஃப். என்ற கொழுப்பில்லாத திடச்சத்து இவ்வளவு என்று எண் வருகிறது. துண்டுச்சீட்டு கிழிகிறது. சீட்டில் யார் பெயர்? வீட்டுக்காரர் பெயர். பணம் எந்தக் கணக்கில் ஏறுகிறது? அவர் கணக்கில். வரிசையில் நின்றது நீங்கள், உறுப்பினர் அவர். ஆண்டுப் பேரவைக் கூட்டத்துக்குப் போவது அவர், தேர்தலில் ஓட்டுப் போடுவது அவர், போனஸுக்குக் கையெழுத்துப் போடுவதும் அவர். பசுவின் மடி மட்டும் உங்கள் பொறுப்பு.

மாற்றுங்கள். இந்த மாதமே மாற்றுங்கள். உறுப்பினர் படிவம் ஒரு தாள்தான். பங்குத்தொகை மிகச் சிறியது. ‘ரெண்டு பேரும் ஒரே வீடுதானே, யார் பேர்ல இருந்தா என்ன’ என்று அவர் கேட்பார். அதையே திருப்பிக் கேளுங்கள்: ‘யார் பேர்ல இருந்தா என்ன? என் பேர்ல இருக்கட்டுமே!’ அண்ணா, இந்தப் பக்கத்தை நீங்களும் படித்தால் கோபப்படாதீர்கள். பாஸ்புக் அக்கா பெயருக்கு மாறினால் உங்கள் வீட்டில் பணம் குறையப்போவதில்லை. டாஸ்மாக் கடையில் மட்டும் குறையலாம்.

சின்னவர்கள் சேர்ந்து நின்றால் என்ன ஆகும் என்பதற்கு வெகுதூரம் போக வேண்டாம். 1946இல் குஜராத்தின் கேடா மாவட்டத்தில் ஒரு தனியார் கம்பெனி வைத்ததுதான் விலை, அளந்ததுதான் அளவு என்று இருந்தது. சர்தார் படேல் சொன்னார், ‘சங்கம் வையுங்கள்’ என்று. திரிபுவன்தாஸ் படேல் ஊர் ஊராக நடந்தார். பதினைந்து நாள் பம்பாய்க்கு ஒரு சொட்டுப் பால் போகவிடாமல் நிறுத்தினார்கள். பாலைத் தரையில் கொட்டினார்கள். யோசித்துப் பாருங்கள், இரண்டு எருமை வைத்திருக்கிறவனுக்குப் பதினைந்து நாள் பால் என்பது அரிசி, எண்ணெய், மருந்து எல்லாமும்தான். ஆனாலும் அசையவில்லை. அசைந்தது அரசாங்கம். அந்தச் சங்கம்தான் பின்னால் அமுல் ஆனது. வர்கீஸ் குரியன் என்ற பொறியாளர் அங்கே வந்து சேர்ந்தது அதற்குப் பிறகு 1949இல். தலைவர் வந்து ஜனங்களைக் கிளப்பவில்லை. கிளம்பிவிட்ட ஜனங்களிடம் திறமைசாலி வந்து வேலைக்குச் சேர்ந்தார். இந்த வரிசையை நன்றாக மனதில் போட்டுக்கொள்ளுங்கள்.

1976இல் அந்தக் கதையை ஷியாம் பெனகல் ‘மந்தன்’ என்று படமாக எடுத்தார். படத்துக்குத் தயாரிப்பாளர் யார்? ஐந்து லட்சம் விவசாயிகள், ஆளுக்கு இரண்டு ரூபாய். பால் ஊற்றுகிறவர்கள் சினிமாவே எடுத்தார்கள்! 1998இல் இந்தியா உலகத்திலேயே அதிகம் பால் உற்பத்தி செய்யும் நாடாக ஆனது. இப்போது ஆண்டுக்கு 23 கோடி டன்னைத் தாண்டிவிட்டது. அதில் பெரும்பங்கு ஒன்றும் இரண்டுமாக மாடு வைத்திருப்பவர்கள் ஊற்றியது. பெண்களே தனியாக நின்று சாதித்த இடத்தைப் பார்க்க வேண்டுமா? திருப்பதியில் 2014இல் ஸ்ரீஜா மகளிர் பால் உற்பத்தியாளர் நிறுவனம் தொடங்கினார்கள். பங்குதாரர்கள் அத்தனை பேரும் பெண்கள், இப்போது லட்சத்துக்கும் மேல். நம் எல்லையிலிருந்து எட்டிப் பிடிக்கிற தூரம்.

ஆனால் கூட்டுறவு என்ற பெயர்ப்பலகை மாட்டியவுடனே சமத்துவம் வந்துவிட்டது என்று யாரும் உங்களை ஏமாற்ற விடாதீர்கள். பதினொரு மாநிலக் கிராமங்களில் தீண்டாமை பற்றி ஆய்ந்து கன்ஷியாம் ஷாவும் மற்ற அறிஞர்களும் 2006இல் ஒரு நூல் வெளியிட்டார்கள். பால் சங்கம் இருந்த ஊர்களில் ஏறக்குறைய பாதியில் தலித் வீட்டுப் பாலைச் சங்கம் வாங்குவதில்லை என்று அது சொன்னது. ஆட்டுக்கறியில் தெரியாத சாதி, பாலில் மட்டும் எங்கிருந்து வந்தது? கிடாய் விற்கலாம், உழவு மாட்டுக்குச் சாணி அள்ளலாம், செத்தால் தூக்கலாம், பால் மட்டும் ஊற்றக் கூடாது! இந்தக் கொடுமைக்கு முன்னால் தலை குனிந்து திரும்பி வராதீர்கள். கூட்டுறவுச் சங்கம் யாருடைய அப்பன் வீட்டுத் திண்ணையும் அல்ல, சட்டப்படி பதிவான அமைப்பு. வாங்க மறுத்தால் எழுத்தில் கேளுங்கள். துணைப்பதிவாளருக்கு மனு கொடுங்கள். வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் 1989இலிருந்து இருக்கிறது. கேனுக்குள் ஊற்றிவிட்டால் எந்த வீட்டுப் பால் எந்தப் பக்கம் என்று எந்தக் கொம்பனாலும் பிரிக்க முடியாது. அந்தக் கேன் நிறைகிற ஒவ்வொரு காலையும் ஊர் கொஞ்சம் மாறுகிறது. எவ்வளவு மெதுவாக மாறினாலும் அந்த மாற்றத்தை ஊற்றுகிறவர் நீங்கள்.

காசு வந்தால் எல்லாம் நல்லதாகவே நடந்துவிடும் என்றும் சொல்ல மாட்டேன். ஒன்று போய்விட்டது, கவனித்தீர்களா? மோர். முன்பெல்லாம் கறவை இருக்கிற வீட்டில் மோர் விற்க மாட்டார்கள். விற்பது பாவம் என்பார்கள். தயிர் கடைந்து வெண்ணெய் எடுத்தபின் மோருக்குச் சொம்போடு வந்து நிற்கும் தெரு. மாடில்லாத வீட்டுப் பிள்ளைக்கும் அந்தச் சொம்பில் கொஞ்சம் சத்து போனது. இப்போது விடிந்ததும் பால் கேனில் ஏறி ஊரைவிட்டே போகிறது. தெரு முனையில் அதே பால் பாக்கெட்டாகத் திரும்பி வருகிறது, விலை ஏறி. சொந்தப் பிள்ளைக்கே டீத்தூளும் தண்ணியும்தான் மிச்சம். அக்கா, வைராக்கியமாக ஒரு காரியம் செய்யுங்கள். அரை லிட்டரை வீட்டுக்கு எடுத்து வைத்துவிட்டு மிச்சத்தை ஊற்றுங்கள். உங்கள் பிள்ளையின் எலும்பைவிடப் பெரிய வாடிக்கையாளர் உங்களுக்கு யாரும் இல்லை.

சீம்பால் மட்டும் தப்பித்திருக்கிறது. அதைச் சங்கம் வாங்காது, அதனால் தப்பித்தது! கன்று போட்ட மூன்றாம் நாள் வெல்லமும் ஏலக்காயும் போட்டு அவித்து, வில்லை வில்லையாக வெட்டி, அக்கம்பக்கத்து வீடுகளுக்குக் கிண்ணத்தில் கொடுத்தனுப்புகிறீர்களே, அதை விட்டுவிடாதீர்கள். கன்றுக்குப் போக மிஞ்சியதைத்தான் சொல்கிறேன். பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் கன்றின் வயிற்றுக்குச் சீம்பால் போனால்தான் அது நோய் தாங்கும்.

பிள்ளை என்றதும் கடுமையாக ஒன்றைச் சொல்லியே ஆக வேண்டும். நாலு ஆடு பத்தாகும். மேய்க்க ஆள் வேண்டும். வீட்டில் யார் ‘சும்மா’ இருக்கிறார்கள் என்று எல்லாரும் சுற்றிப் பார்ப்பார்கள். பார்வை எட்டாவது படிக்கிற பெண்ணின்மேல் வந்து நிற்கும். தம்பி படிக்கட்டும், நீ ஒரு வருஷம் ஆட்டைப் பாரு. அந்த ஒரு வருஷம் முடியவே முடியாது. அப்படி ஒரு நாள் வந்தால் இரண்டு ஆட்டை விற்றுவிடுங்கள்! யோசிக்காமல் விற்றுவிடுங்கள். எத்தனை ஆடு வளர்க்கலாம் என்பதை உங்கள் பலம் தீர்மானிக்கட்டும், மகளின் பள்ளிக்கூடப் பை தீர்மானிக்கக் கூடாது. மேய்ச்சலுக்கு ஆள் இல்லையென்றால் வேலி ஓரம் அகத்தியும் சவுண்டலும் கிளுவையும் நடுங்கள். ஐந்து சென்ட் இடமிருந்தால் கோ-4 தீவனப்புல் கரணை ஊன்றுங்கள். கட்டிப்போட்டுத் தீனி போடுங்கள்.

விற்பதைப் பற்றிப் பேசுவோம், ஏனென்றால் உங்கள் உழைப்பு திருடு போவது அங்கேதான். வியாபாரி வாசலுக்கு வருவார், ஆட்டை இடுப்போடு தூக்கிப் பார்ப்பார், ‘பத்துக் கிலோ கறி விழும்’ என்பார். பன்னிரண்டு விழும் என்று அவருக்குத் தெரியும். உங்களுக்குச் சந்தேகம் இருக்கும், ஆனால் வாய் வராது. ஒரு தொங்கு தராசு வாங்குங்கள். ஒரு குட்டியின் விலைகூட ஆகாது. தனியாக முடியாதென்றால் மகளிர் குழுவில் சேர்ந்து வாங்கி மாற்றி மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். உயிர் எடைக்குக் கிலோ என்ன விலை என்று கேளுங்கள். தராசு தொங்குகிற வாசலில் துண்டு வேலை செய்யாது.

நேரத்தையும் உங்கள் பக்கம் இழுங்கள். புரட்டாசியில் பாதித் தமிழ்நாடு கறி தின்னாது, விலை படுத்துவிடும். ஐப்பசியில் தீபாவளி வந்தால் எழுந்து நிற்கும். பக்ரீத் நெருங்கினால் எட்டயபுரத்துச் சனிக்கிழமைச் சந்தையிலும் மேலப்பாளையத்துச் செவ்வாய்ச் சந்தையிலும் செஞ்சியின் வெள்ளிச் சந்தையிலும் கால் வைக்க இடமிருக்காது. ஆடி மாதம் குலசாமிக்கு நேர்ந்துவிட்டவர்கள் கருங்கிடாயாகத் தேடி அலைவார்கள். எந்தக் கிடாய்க்கு எந்த மாதம் கிராக்கி என்று மனதுக்குள் கணக்குப் போட்டு, ஐந்து மாதச் சினையும் வளர்ப்புக் காலமும் கழித்து, கிடாயோடு சேர்க்கிற நாளை நீங்கள் குறியுங்கள். முனியாண்டிக்குப் பொங்கல் வைக்கிற வீட்டில் வளர்ந்த கிடாய் பக்ரீத் தொழுகை முடிந்த வீட்டுக் குர்பானிக்குப் போகிறது. ‘நல்லா வளர்த்திருக்கீங்கம்மா, அடுத்த வருஷமும் நமக்கே கொடுங்க’ என்று அந்த பாய் சொல்லிவிட்டுப் போகிறார். மேடை போட்டு நல்லிணக்கம் பேசுகிறவர்கள் இந்த வாசலுக்கு வந்து பாடம் படிக்கலாம்.

தம்பி, உன்னிடமும் இரண்டு வார்த்தை. 2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காக மெரினாவில் நின்றாய். காங்கயம், புலிக்குளம், உம்பளச்சேரி, பர்கூர், ஆலம்பாடி என்று இனங்களின் பெயரைத் தொண்டை கிழியச் சொன்னாய். பெருமையாக இருந்தது. ஊருக்குத் திரும்பி எத்தனை பேர் சாணி அள்ளினீர்கள்? கோபப்படாதே, அள்ளியவர்களும் இருக்கிறார்கள். கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்து கொழுக்கட்டைப்புல் காட்டைத் திரும்ப உயிர்ப்பித்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு சலாம். ஆனால் வேறொரு கூட்டம் யூடியூபில் ‘ஆட்டுப் பண்ணையில் மாதம் ஒரு லட்சம்’ பார்த்துவிட்டு, கடன் வாங்கிப் பரண் கொட்டகை கட்டி, ஒரே நாளில் நூறு ஆட்டை இறக்கியது. ஆட்டுக்கொல்லி நோய்க்குத் தடுப்பூசி போட வேண்டும் என்பதே தெரியாமல் மூன்றாம் மாதம் கையைப் பிசைந்தது. 2012இல் ஈரோடு மாவட்டத்தில் ஈமு கோழிக் கம்பெனிகள் ஓடிப்போனபோது ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவில் நின்றதை உன் அப்பாவிடம் கேள். பேராசைக்கு நம்பிக்கை என்று பெயர் வைக்காதே. இரண்டில் தொடங்கு. ஒரு ஈற்று பார். ஒரு மழைக்காலம் தாண்டு. துள்ளுமாரி என்றால் என்ன, குடற்புழு மருந்து எப்போது என்று உன் அம்மாவிடம் கேள். ‘அம்மா, நீங்க சொல்லுங்க, நான் எழுதிக்கிறேன்’ என்று நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார். அந்த வீட்டில் அன்றைக்கு ஒரு புரட்சி நடக்கும்.

பணம் வேண்டுமா? வங்கிக்குப் போனால் முதல் கேள்வி ‘பட்டா இருக்கா?’ பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்: ‘இது கால்நடை வளர்ப்புக்கான கிசான் கிரெடிட் கார்டு சார், இதுக்கு நிலம் வேணும்னு இல்ல.’ 2018-19 நிதியாண்டிலிருந்து கால்நடை வளர்ப்பவர்களுக்கும் அந்த அட்டை உண்டு. கொட்டகை சொந்தமானாலும் வாடகையானாலும் சரி, குழுவாகவும் கேட்கலாம். 2025 ஜனவரியிலிருந்து 2 லட்சம் ரூபாய்வரை ஈடு கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் உத்தரவு. 7 சதவிகித வட்டி. தவணை தவறாமல் கட்டினால் 4 சதவிகிதத்துக்கு இறங்கும். ‘அப்புறம் வாங்க’ என்று அனுப்பினால் அப்புறமும் போங்கள். பத்துப் பேராகப் போங்கள்.

வங்கிக்கும் முந்தைய வழி ஒன்று நம்மிடமே இருக்கிறது. வாரத்துக்கு விடுவது. ஆடு உள்ளவர் ஒரு பெட்டையைக் கொடுப்பார், இல்லாதவர் வளர்ப்பார், ஈன்ற குட்டியில் ஆளுக்குப் பாதி. வட்டி கிடையாது, பத்திரம் கிடையாது, வாய்ச்சொல்தான். கைம்பெண்கள் எத்தனையோ பேர் இப்படித்தான் மந்தை சேர்த்தார்கள். இதே மாதிரியை ஒரு நாடு தேசத் திட்டமாகவே செய்தது. ஆப்பிரிக்காவின் ருவாண்டா. 1994இல் பக்கத்து வீட்டான் பக்கத்து வீட்டானைக் கொன்ற இனப்படுகொலை நடந்த மண். 2006இல் ‘கிரிங்கா’ என்ற திட்டத்தில் ஏழைக் குடும்பத்துக்கு ஒரு பசு கொடுத்தார்கள். நிபந்தனை ஒன்றுதான்: அது ஈனும் முதல் கிடேரிக் கன்றை இன்னொரு ஏழை வீட்டுக்குக் கொடுக்க வேண்டும். பசு கொடுத்தவரும் வாங்கியவரும் உறவாகிவிடுவது அந்த ஊரின் பழைய மரபு. இழப்பைச் சுமந்த வீடும் பழியைச் சுமந்த வீடும் ஒரு கன்றின் கயிற்றைக் கை மாற்றிக்கொள்ளும் நிலை வந்தது. அங்கே முடிந்தது பன்னிரண்டு பேர் கொண்ட உங்கள் மகளிர் குழுவில் முடியாதா? முதல் பெட்டைக்குட்டி குழுவில் ஆடில்லாத வீட்டுக்கு என்று ஒரு தீர்மானம் போடுங்கள். சீட்டுப் பணம்போல ஆடு சுற்றி வரட்டும்.

கடைசியாக ஒரு சண்டை மிச்சமிருக்கிறது, அதை வீட்டுக்குள் போட முடியாது. ஆடு பெருகிவிட்டது, மேய்கிற இடம் சுருங்கிவிட்டது. மேய்ச்சல் புறம்போக்கும் மந்தைவெளியும் இருந்த இடத்தில் இன்றைக்குக் கட்டடம் நிற்கிறது, இல்லையென்றால் யாரோ ஒருவரின் தென்னந்தோப்பு நிற்கிறது. வேறு வழியில்லாமல் ஆடு வெள்ளாமைக்குள் தலை நீட்டினால் பவுண்டில் அடைத்துவிட்டுத் தண்டம் கேட்கிறார்கள். காட்டுப் பக்கம் ஓட்டினால் வனத்துறை நிற்கிறது. 2022இல் உயர் நீதிமன்றம் காடுகளில் மேய்ச்சலுக்கே தடை போட்டு, பிறகு அதைப் புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா என்ற அளவுக்குச் சுருக்கியது. பர்கூர் மலைக்காரர்களைக் கேட்டால் அந்த வலி தெரியும். ஐக்கிய நாடுகள் சபை 2026ஐப் பெண் உழவர்களின் ஆண்டு என்றும், மேய்ச்சல் நிலங்களின், மேய்ப்பர்களின் ஆண்டு என்றும் அறிவித்தது. நல்லது. ஆனால் நியூயார்க்கில் போட்ட தீர்மானம் உங்கள் ஊர் ஓடைக்கரையைத் தானாக மீட்டுத் தராது.

அதற்கு நீங்கள் போக வேண்டிய இடம் கிராமசபை. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டைக் கேட்டு, மேய்ச்சல் புறம்போக்கின் சர்வே எண்ணை ஒரு தாளில் குறித்துக்கொண்டு போங்கள். ‘இந்த எண்ணில் எத்தனை ஏக்கர் இருந்தது, இப்போது எத்தனை இருக்கிறது, மிச்சம் யார் கையில் இருக்கிறது’ என்று எழுந்து நின்று கேளுங்கள். தீர்மானப் புத்தகத்தில் உங்கள் கேள்வி ஏறுகிறவரை உட்காராதீர்கள். தனியாகப் போனால் ‘உட்காரும்மா’ என்பார்கள், சொசைட்டி வரிசையில் உங்களுக்கு முன்னும் பின்னும் நிற்கிறவர்களைக் கூட்டிக்கொண்டு போங்கள். கூட்டம் பெரும்பாலும் பதினோரு மணிக்குத்தான். பால் ஊற்றிவிட்டு, ஆட்டுக்குக் குழை கட்டிவிட்டு வர நேரம் தாராளமாக இருக்கிறது.